மருத்துவ மாணவர்களுக்கு வி.ஆர். பயிற்சி: ஹெட்செட் வாங்கும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

நீங்கள் ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தால், இன்றோ நாளையோ உங்கள் டீன் கூப்பிட்டு, "பசங்க வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி வி.ஆர்.ல பயிற்சி கொடுக்கலாம்னு இருக்கோம், நீங்க பார்த்துக்கோங்க" என்று சொல்லக்கூடும். எனக்குச் சொன்னார்கள். வி.ஆர். என்றால் விர்ச்சுவல் ரியாலிட்டி: ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கணினி உருவாக்கிய வார்டும் நோயாளியும் கண்முன் தெரியும். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஓபி, வார்டு ரவுண்ட்ஸ், வகுப்பு, இதற்கு நடுவில் ஸ்கில் லேப், அதாவது மாணவர்கள் செய்முறை பழகும் கூடம், அதன் பொறுப்பும் என் தலையில்தான். வி.ஆர். வரப்போகிறது என்றதும், ஏற்கெனவே வாங்கிய கல்லூரிகளில் யாரிடமாவது கேட்கலாமென்று தேடினேன். திறப்பு விழாப் படங்கள்தான் கிடைத்தன. டீன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சிரிக்கிறார், பின்னால் குத்துவிளக்கு எரிகிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இதற்கு எதிரி இல்லை. இரண்டாம் வருட மாணவர் முதல் போஸ்டிங்குக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கேட்பார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். அதே பாட்டி அன்று காலையிலிருந்து தன் மூச்சிரைப்புக் கதையை நாலாவது குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். 2019-ல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம், "பார்த்திருக்கிறேன்" என்பதோடு விடாமல் "செய்து காட்டு" என்று கேட்கிறது. 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குறைந்தபட்ச விதிகளில் ஸ்கில் லேப் கட்டாயமாகிவிட்டது. அதே வருடம் மார்ச்சில் கொரோனா வந்து கல்லூரிகளை மூட, வார்டையே பார்க்காமல் போன மாணவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆக, வார்டுக்குப் போகும் முன் ஒரு ஒத்திகை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் புலம்பல் எல்லாம் அதை எப்படி விற்கிறார்கள், எப்படி வாங்குகிறோம் என்பதில்தான்.

கம்பெனிக்காரர்கள் டெமோவுக்கு வந்தது டீன் அறையில். அவர்களே ஒரு ஹெட்செட், அவர்களே ஒரு வைஃபை கருவி கொண்டுவந்தார்கள். பத்து நிமிடம் எல்லாம் பளபளவென்று ஓடியது. ஸ்லைடில் ஒரு பிரமிடு காட்டினார்கள்: படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், செய்தால் 75 சதவீதம் நிற்கும் என்று. இந்தப் படத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். எட்கர் டேல் 1946-ல் வரைந்த கூம்பைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள், அதில் சதவீதமே கிடையாது. எண்களைப் பின்னால் யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள். அடுத்த ஸ்லைடு யேல் பல்கலைக்கழக ஆய்வு, 2002. அது உண்மையான, நல்ல ஆய்வு. வி.ஆர். பயிற்சி எடுத்த அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்கள், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கருவி விட்டுச் செய்யும் அறுவை) மூலம் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள், தவறுகளும் குறைந்தன. ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 16 பேர். அவர்கள் தலையில் எதையும் மாட்டவில்லை. கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, நிஜக் கருவிபோன்ற கைப்பிடிகளைப் பிடித்துப் பழகினார்கள். இரண்டாம் வருட மாணவர் நோயாளியிடம் கேஸ் எடுப்பதற்கும், அதாவது நோயின் கதையைக் கேட்டுப் பரிசோதிப்பதற்கும், அதற்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டேன். "மேடம், டெக்னாலஜி ஒண்ணுதானே" என்றார் வந்தவர். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான்: எந்தக் கருவியை வைத்து, எந்த நிலை மாணவர்களை, எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? டெமோவையும் உங்கள் லேபில், உங்கள் வைஃபையில், வாங்கப்போகும் அத்தனை ஹெட்செட்டையும் ஒரே நேரத்தில் மாணவர்கள் மாட்டிக்கொண்டு நடத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு நிபந்தனையை நான் எழுத்தில் கொடுத்தும் கொள்முதல் குழு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று கடந்துபோனது.

இப்போது காசு. பத்து ஹெட்செட், ஒன்று ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த மாடல் இங்கே நேரடி விற்பனையில் இல்லாததால் இறக்குமதி செய்து கொடுத்தார்கள். அது ஐந்தரை லட்சம் என்றால், அதற்குள் ஓடும் நோயாளிக் காட்சிகளுக்கான லைசென்ஸ் வருடத்துக்கு ஒன்பது லட்சம், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. நிர்வாகத்தில் எல்லோருடைய கண்ணும் ஹெட்செட் விலைமேல்தான் இருந்தது, அதில்தான் பேரம் நடந்தது. லைசென்ஸ் வருடா வருடம் என்பதும், விலை டாலரில் என்பதும் ஒப்பந்தத்தில் உள்ளே எங்கோ இருந்தன. வருடம் முடிந்த மறுநாள் ஹெட்செட்டை மாட்டினால் வெறும் முகப்புத் திரைதான் வரும். மாணவர்களின் பழைய பதிவுகளைக்கூட எடுக்க முடியாது. மூன்று வருட விலையை ரூபாயில் கட்டி எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் முடிந்தபின் எது வேலை செய்யும், எது செய்யாது என்பதையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு ஹெட்செட் பழுதானபோது, அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி வாங்க வேண்டும், அந்தச் செலவு கல்லூரியுடையது என்றார்கள். இரண்டும் இன்னும் பீரோவில் இருக்கின்றன.

பெட்டிகள் வந்து இறங்கியபின் எனக்கு வந்தது மருத்துவ வேலையே இல்லை. கல்லூரி வைஃபையில் சேர ஒரு லாகின் பக்கம் வரும், அதில் பெயரும் பாஸ்வேர்டும் போட வேண்டும். ஹெட்செட்டில் அந்தப் பக்கம் சரியாகத் திறக்கவே இல்லை. ஐடி பிரிவில் இருந்த தம்பி பாவம், ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். நாலு ஓடும், ஐந்தாவது போட்டால் முதலாவது விழும். தனி ரவுட்டர் வேண்டும் என்று கோப்பு அனுப்பினேன், அது ஸ்டோர்ஸிலிருந்து அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட்ஸிலிருந்து ஸ்டோர்ஸ் என்று நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் கைக்காசில் வாங்கினேன். ரவுட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள், முகத்தில் படும் பகுதிக்கு சிலிகான் உறை என்று கிட்டத்தட்ட முப்பதாயிரம் போனது, திரும்பி வரவில்லை. நீங்கள் இதை முதல் கொள்முதல் ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள்: தனி ரவுட்டர், எல்லா ஹெட்செட்டையும் ஒன்றாகச் சார்ஜ் போடும் பெட்டி, சிலிகான் உறைகள், உள்ளே ஓடுவதை வெளியே காட்ட ஒரு டிவி. சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது, அதனால் காலைக் குழுவுக்கு ஓடிய ஹெட்செட்டை மதியக் குழுவுக்கு நம்ப முடியாது. லென்ஸை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். உலர்ந்த கண்ணாடித் துணி போதும். ஜன்னலோரம் வைக்கவே கூடாது. வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். எங்கள் இரண்டில் ஒன்று போனது அப்படித்தான்.

விளம்பரப் படத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் குட்டை முடி. நம் மாணவிகள் பின்னலும் கிளிப்பும் மல்லிகைப் பூவுமாக வருவார்கள், சிலர் ஹிஜாப் அணிந்திருப்பார்கள், பாதிப் பேருக்குக் கண்ணாடி. தேங்காய் எண்ணெய் பட்டுப் பட்டு ஸ்ட்ராப்பின் பஞ்சு ஒரு மாதத்தில் வேறு நிறமாகிவிட்டது. சர்ஜிக்கல் கேப் ஒரு பெட்டி வாங்கி வாசலில் வைத்தபின்தான் அது தீர்ந்தது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஹெட்செட்டுக்குள் இடைவெளி கொடுக்கும் வளையம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒவ்வொருவருக்கும் மாற்றியமைக்கச் சொல்லிக் கொடுங்கள். பெரியவர்களின் கண்மணிகளுக்கு நடுவில் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். அது சரியாக இல்லாவிட்டால் படம் மங்கலாகத் தெரியும், தலைவலி வரும், மாணவர் "எனக்கு இது ஒத்துக்கல மேம்" என்று கழற்றி வைத்துவிடுவார்.

தலைசுற்றலைப் பற்றி யாரும் சொல்லவே இல்லை. கண் நகர்கிறது என்கிறது, உள்காது நகரவில்லை என்கிறது, வயிறு குமட்டுகிறது. உடலியங்கியல் முதல் வருடம் நாமே நடத்துவதுதான். மதியச் சாப்பாடு முடிந்து வந்த ஒரு குழுவில் ஒரு பெண் வாந்தி எடுத்துவிட்டாள், அதைப் பார்த்து இன்னொருவன். அன்று வகுப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில வழக்கங்கள் வைத்துக்கொண்டோம். எல்லோரும் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி நடப்பதை நிறுத்திவிட்டு, தொட்ட இடத்துக்குத் தாவும் முறையை வைத்தோம். முகத்துக்கு நேரே மின்விசிறி. ஒரு ஆளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடையாது. வலிப்பு, ஒற்றைத் தலைவலி உண்டா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுவோம். ஒத்துக்கொள்ளாதவர்கள் அதே காட்சியைக் கணினித் திரையில் செய்யலாம். பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது, விற்பவர்கள்தான் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. இதைக் காரணம் காட்டி யாருடைய வருகைப் பதிவிலும் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என்னை நிஜமாகவே சோர்வடைய வைத்தது உள்ளே இருந்த நோயாளி. நாங்கள் வாங்கியது பிரிட்டன் தொகுப்பு. நோயாளிக்குத் தனி அறை, தலைக்கு மேல் மானிட்டர், பக்கத்தில் ஒரு நர்ஸ், சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. கேள்விகளை நாம் கேட்கவே வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு காட்சியில் ரத்தச் சர்க்கரை 24 என்று வந்தது. எங்கள் மாணவன் பதறிப்போய் உடனே குளுக்கோஸ் ஏற்றினான். மென்பொருள் அவனை ஃபெயில் ஆக்கியது. அங்கே அளவு மில்லிமோல் கணக்கில்; 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் 432. சர்க்கரை ஏறி கீட்டோன் சேர்ந்த நோயாளி அவர். நம் வார்டில் 24 என்று எழுதியிருந்தால் அந்தப் பையன் செய்ததுதான் உயிர் காக்கும் வேலை. காய்ச்சல் அங்கே 38.9 என்று வரும், இங்கே 102 என்றால்தான் எவனுக்கும் உறைக்கும். பிறகு அமெரிக்கத் தொகுப்பு ஒன்றையும் பார்த்தேன். அதில் சர்க்கரைக் கணக்கு நம்முடையது, மருந்துப் பெயர் நம்முடையது இல்லை: பாராசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென், சால்புட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். வாங்குமுன் இவற்றை மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். அலகை மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை, கேட்டால் செய்கிறார்கள். எங்களுக்குக் கேட்டபிறகு செய்தார்கள், ஆனால் அதற்குள் பாதி வருடம் போய்விட்டது.

இல்லாதவை இன்னும் அதிகம். எங்கள் அவசரப் பிரிவில் முதல் இரவு டியூட்டியில் நிற்கும் மாணவன் எதைப் பார்ப்பான்? பூச்சிமருந்து குடித்தவர், எலி பேஸ்ட் தின்றவர், அரளி விதை அரைத்துக் குடித்த பெண், வயலில் பாம்பு கடித்து வந்தவர். சாணிப் பவுடர் என்ற சாயப்பொடியைக் குடித்தவர்கூட வருவார். இதில் ஒன்றுகூட அந்தத் தொகுப்பில் இல்லை. பாம்புக்கடிக்கு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்த்து, உறைந்ததா என்று சொல்லும் சோதனையைவிட அவசியமான ஒன்றை நம் ஊர் மாணவனுக்கு நான் கற்றுக்கொடுக்க முடியாது. அதற்கு ஹெட்செட் தேவையே இல்லை, குழாயும் கடிகாரமும் போதும்.

முதல் குழு வார்டுக்குப் போன அன்று நானும் கூடவே போனேன். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி வரிசையாக நின்றார்கள். ஒருவன் தலைமாட்டுக்கு மேலே சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "மேம், மானிட்டர் எங்கே?" பொது வார்டில் மானிட்டர் ஏதய்யா! மூச்சு எண்ணிக்கையை மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், தேர்வில் எழுதுவான். ஆனால் பயிற்சி முழுக்க ஒரு பொத்தானை அழுத்தினால் எண் வந்து நின்றிருக்கிறது. பிபி பட்டையைச் சுற்றத் தெரியவில்லை. நோயாளியைக் கேட்டால் பக்கத்திலிருந்த மருமகள் பதில் சொன்னார், அவரை நிறுத்தினால் மகன் ஆரம்பித்தார். மாணவர்கள் யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் முழித்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாலைகள் முழுக்க அந்த லேபில் போயிருந்தன, வீட்டில் பேச்சு கேட்டிருந்தேன், எழுத வேண்டிய கட்டுரை ஒன்று அப்படியே கிடந்தது. டீன் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே கேள்வி, கல்லூரியைப் பரிசோதிக்கும் குழு வரும்போது காட்ட வி.ஆர். படங்கள் இருக்கின்றனவா என்பது.

கொஞ்சம் ஆறிய பிறகு கவனித்தால், ஒன்று மட்டும் நன்றாக வந்திருந்தது. கேஸ் சொல்லச் சொன்னால் முந்தைய குழுக்கள் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போவார்கள். இவர்கள் மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, ஆடையை விலக்கி உடம்பு முழுவதையும் பார்ப்பது என்ற வரிசையை விடவில்லை. மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பார்த்ததும் பிஜியை (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவரை) கூப்பிட வேண்டும் என்ற எண்ணமும் சீக்கிரம் வந்தது. எனக்கு இப்போது புரிவது இதுதான்: நிஜ வார்டில் இரண்டாம் வருட மாணவன் கையில் நாம் ஒருபோதும் ஒப்படைக்காத சூழ்நிலைகளுக்கு வி.ஆர். பொருந்துகிறது. திடீர் ஒவ்வாமை, ரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் இறங்குவது, சர்க்கரை தாழ்வது. அங்கே அவனே முடிவெடுக்கலாம், தப்பு செய்யலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. கேஸ் எடுக்கவும் தொட்டுப் பார்க்கவும் பழக அது சரியான இடம் இல்லை.

அந்த நல்லதும் ஹெட்செட்டுக்குள் நடக்கவில்லை, கழற்றியபின் உட்கார்ந்து பேசியதில் நடந்தது. இருபது நிமிடக் காட்சிக்கு நாற்பது நிமிடம் பேச வேண்டும். முதலில் என்ன பார்த்தாய், எப்போது பயந்தாய், ஆக்சிஜன் கொடுக்க ஏன் தாமதமாயிற்று, அடுத்து என்ன நினைத்தாய் என்று. நேரம் இல்லாத நாட்களில் இந்தப் பேச்சை விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டிய குழுக்களிடம் வார்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பேர், 10 ஹெட்செட் என்றால் ஒரு காட்சிக்கு 15 அமர்வு, அமர்வுக்கு ஒரு மணி நேரம். அத்தனைக்கும் ஒரு ஆசிரியர் உட்கார வேண்டும். இந்த நேரம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. ஆள் ஒதுக்கி எழுத்தில் உத்தரவு வாங்காமல் பொறுப்பை ஏற்காதீர்கள். நாங்கள் பிறகு இரண்டிரண்டு பேராக மாற்றினோம். ஒருவர் மாட்டிக்கொள்வார், மற்றவர் டிவியில் பார்த்துக்கொண்டே ஒரு தாளில் குறிப்பார், அடுத்த காட்சிக்கு மாற்றிக்கொள்வார்கள். பார்த்துக் குறித்தவர்தான் பேச்சில் அதிகம் பேசுவார். இப்படிச் செய்தால் ஹெட்செட்டும் பாதி போதும்.

இன்னொரு மாற்றம், கழற்றிய கையோடு பக்கத்து மேசைக்குப் போக வேண்டும். அங்கே பிபி கருவியும், ஒரு நிஜ மனிதரும் இருப்பார். அலுவலக ஊழியர்கள், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், காவலாளி அண்ணன் என்று நாலைந்து பேரைப் பழக்கினோம். காவலாளி அண்ணன் நெஞ்சுவலிக்காரராக நடிப்பதைப் பார்த்தால் நிஜ டாக்டர்களே இசிஜி எடுத்துவிடுவார்கள். கூடவே மருமகளாக நடிக்க ஒருவர், அவர் வேலை குறுக்கே பேசுவது மட்டும். இதற்கு ஆன செலவு டீயும் வடையும், கொஞ்சம் மதிப்பூதியமும். பிறகு 360 டிகிரி கேமரா ஒன்று வாடகைக்கு எடுத்து, காலியாக இருந்த வார்டில் எங்கள் ஆட்களை வைத்தே காட்சிகள் எடுத்தோம். சத்தம், கூட்டம், இரண்டு கட்டிலுக்கு நடுவே நிற்க இடமில்லாத நெருக்கடி எல்லாம் அதில் வந்துவிட்டது. ஹெட்செட் இல்லாவிட்டால் கைபேசியை அட்டைப் பெட்டியில் செருகியும் பார்க்கலாம். நிஜ நோயாளிகள் இருக்கும் வார்டில் கேமராவை வைக்காதீர்கள். கட்டிலில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கினாலும், பின்னால் நடந்துபோகிறவரின் முகமும் அதில் விழும்.

மென்பொருள் கொடுக்கும் மதிப்பெண்ணை இன்டர்னலில் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும், சேர்க்காதீர்கள். வீடியோ கேம் ஆடிப் பழகியவர்கள் எங்களிடம் மேலே வந்தார்கள், வார்டில் நோயாளியோடு நன்றாகப் பேசும் ஒரு பெண் கீழே இருந்தாள். இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால் முதல் மாணவன் ஹெட்செட்டைத் தொடும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்குங்கள். எங்கள் குழு கூடவே மாதங்கள் ஆயின. அதுவரை சேர்ந்த தகவலைப் பயன்படுத்த முடியவில்லை.

இந்த வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க நிர்வாகம் தயங்குகிறது. நான் கேட்டிருப்பது ஆறு ஹெட்செட்டுக்கு, வார்டு போஸ்டிங் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்கு மட்டும், அவசரநிலைக் காட்சிகள் மட்டும். போஸ்டிங்குக்கு ரொம்ப முன்னால் செய்தால் வார்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறார்கள், அதனால் வருடம் முழுக்க எங்களுக்குத் தேவையில்லை. பழைய கம்பெனி அப்படியொரு திட்டமே இல்லை என்றது. வேறொன்று ஒத்துக்கொண்டு விலை அனுப்பியிருக்கிறது, அலகுகளையும் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. கோப்பு அக்கவுண்ட்ஸில் இருக்கிறது. ரவுட்டருக்கான பழைய பில்லையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன், பார்க்கலாம்.